வாழ வந்தவர்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

சேர்வராயன் மலையில் கிராம சுகாதாரச் செவிலியராக நான் நடந்து திரிந்த ஊர்களுள் ஒன்றுக்கு வாழவந்தி என்று பெயர். கொல்லிமலையிலும் அதே பெயர் உண்டு. அங்கே வாழவந்தி நாடு என்பார்கள். நம் வீடுகளில் மருமகளாக வந்த பெண்ணை வாழ வந்தவள் என்று சொல்வது வழக்கம். ஆகையால் அந்த ஊர்ப்பெயர் காதில் விழும்போதெல்லாம், பிறந்த வீட்டை விட்டுவிட்டு ஒரு பெண் மலைப்பாதையில் ஏறி வருகிற காட்சியே என் கண்முன் நிற்கும். அப்படி ஏறி வந்த ஒரு பெண்மணியைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேச வந்திருக்கிறேன். அவர் வந்தது பக்கத்து ஊரிலிருந்து அன்று. லண்டன் மாநகரிலிருந்து கப்பலேறி வந்தார். 95 வயதுவரை வாழ்ந்து, கொல்லிமலையின் வாழவந்தி மண்ணிலேயே அடக்கமானார். எவலின் பிராண்ட் என்பது அவர் பெயர். ஆங்கிலத்தில் அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பாட்டி பிராண்ட் என்றே எழுதுகிறார்கள். நானும் மனத்துக்குள் பாட்டி என்றே அவரை அழைத்துப் பழகிவிட்டதால், இந்த உரையிலும் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

இன்றைக்குக் கொல்லிமலை நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. பாட்டி வாழ்ந்த காலம் முழுவதும் அது நம் சேலம் மாவட்டம்தான். நாமக்கல் தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது 1997-இல். அதனால் சேலத்துக்காரர்களாகிய நாம் அவரை நம் ஊர்க்காரர் என்று சொல்லிக்கொள்வதில் தவறில்லை.

பாட்டி பிறந்தது 1879-ஆம் ஆண்டு மே மாதம். லண்டனில் வசதி படைத்த குடும்பம். ஓவியம் கற்றவர், நிறங்களின்மீது பெரும் பிரியம் கொண்டவர். அந்த வீட்டில் இருந்திருந்தால் நல்ல ஆடையும் நல்ல சாப்பாடும் ஓவியப் பலகையுமாக அமைதியாக வாழ்நாளைக் கழித்திருக்கலாம். ஆனால் ஆண்டவருடைய ஊழியத்துக்குப் போக வேண்டும் என்ற எண்ணம் அவருக்குள் ஊறிக்கொண்டே இருந்தது. முப்பது வயதைக் கடந்த பிறகே அதை நிறைவேற்ற முடிந்தது. அந்தக் காலத்துக் கணக்கில் முப்பது கடந்த பெண் என்றால், இனி எங்கே போகப்போகிறாள் என்று வீட்டார் முடிவு கட்டிவிடும் வயது. அந்த வயதில்தான் அவர் சென்னைக்கு வந்து தமிழ் கற்கத் தொடங்கினார். 1913-இல், தம்மைவிட ஆறு வயது இளையவரான ஜெஸ்ஸி பிராண்ட் என்ற மிஷன் ஊழியரை மணந்து, அவரோடு கொல்லிமலைக்குப் போனார்.

அன்றைய கொல்லிமலையை நீங்கள் மனத்தில் கொண்டுவர வேண்டும். இன்று காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஏறுகிறது; நம் ஏற்காட்டு மலைப்பாதையில் 20 வளைவுகள்தாம். அன்று இந்தச் சாலை கிடையாது. அடிவாரத்துச் சேந்தமங்கலம் பக்கத்திலிருந்து கால்நடையாகவோ மட்டக்குதிரையிலோ டோலியிலோதான் ஏற வேண்டும். உப்பு முதல் மருந்து வரை எல்லாம் தலைச்சுமையாகத்தான் போக வேண்டும். அதைவிடப் பெரிய தடை ஒன்று இருந்தது. மலைக்காய்ச்சலுக்கு அஞ்சிச் சமவெளிக்காரர்கள் அங்கே இரவு தங்கவே மாட்டார்கள். கொல்லும் மலை என்றே பெயருக்குப் பொருள் சொன்னார்கள். சங்கப் புலவர்கள் வல்வில் ஓரியின் மலை என்று பாடிப் புகழ்ந்த மலைக்குத்தான் காய்ச்சலால் அப்படி ஒரு கெட்ட பெயர் வந்து சேர்ந்தது.

அங்கே வாழும் மக்களை மலையாளிகள் என்பார்கள். கேரளத்து மலையாளிகளோடு தயவுசெய்து குழப்பிக்கொள்ள வேண்டாம். நான் பணியில் இருந்தபோது, வெளியூரிலிருந்து வந்த அதிகாரிகளுக்கு இதை எத்தனை முறை விளக்கியிருப்பேன் என்று கணக்கில்லை. இவர்கள் தமிழ் பேசும் பழங்குடி மக்கள். காஞ்சிபுரத்துப் பக்கத்திலிருந்து புறப்பட்டு வந்த அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. சேர்வராயன், கொல்லி, பச்சைமலை, கல்வராயன் என்று நம் வட்டாரத்து மலைகளிலெல்லாம் அவர்களைப் பார்க்கலாம். ஆக, அந்த மலையில் பாட்டிக்கு முன்னால் வாழ்ந்தவர்களும் ஒரு காலத்தில் வேறோர் ஊரிலிருந்து வாழ வந்தவர்கள்தாம்.

ஜெஸ்ஸியும் எவலினும் மருத்துவப் பட்டம் பெற்றவர்கள் அல்லர். வெப்ப நாடுகளில் வரும் நோய்களைப் பற்றி ஜெஸ்ஸி ஓராண்டுக் காலம் படித்திருந்தார், அவ்வளவே. அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு பல் பிடுங்கினார்கள், கட்டி கீறினார்கள், காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார்கள், பள்ளிக்கூடம் நடத்தினார்கள். இவையனைத்தையும் வரிசையாகச் சொன்னால் அறிக்கை படிப்பதுபோல ஆகிவிடும். அதனால் எனக்கு மிக நெருக்கமான ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அது நரம்புச் சிலந்தி என்ற புழு நோய்.

இன்றைய இளைஞர்களுக்கு இந்தச் சொல்லே தெரியாது. தெரியாமல் போனதே ஒரு பெரிய வெற்றி என்பதால், அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். என் தாயைப் பெற்ற ஆயா, ராசிபுரத்துக்கு அப்பால் வானம் பார்த்த ஒரு கிராமத்தில் பிறந்தவர். அவருடைய இடது கணுக்காலுக்கு மேலே, ஒரு பழைய காலணா அளவில், தோல் சுருங்கி வழவழப்பான வடு ஒன்று இருந்தது. சிறுமியாக இருந்தபோது அவர் மடியில் படுத்துக்கொண்டு, அந்த வடுவை விரலால் தடவியபடியே கதை கேட்பது என் வழக்கம். அது எப்படி வந்தது என்று நான் கேட்க, அவர் சொல்ல, மறுநாளும் நான் கேட்க, மறுநாளும் அவர் சொல்வார்.

ஆயாவுக்கு அப்போது ஒன்பது வயது இருக்குமாம். காலில் ஒரு கொப்புளம் கிளம்பியது. கொள்ளிக்கட்டையை வைத்துத் தேய்த்தாற்போல எரிச்சல். எரிச்சல் தாங்காமல் ஓடிப்போய் ஊர் இறங்குகிணற்றின் படியில் உட்கார்ந்து, காலைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டார். தண்ணீர் பட்டதும் இதமாக இருந்ததாம். அந்த இதத்துக்குள்தான் நோயின் சூட்சுமமே இருக்கிறது, நேயர்களே. தண்ணீர் பட்டவுடன் கொப்புளம் உடைகிறது. உள்ளே இருக்கும் பெண் புழு, ஆயிரக்கணக்கான குஞ்சுகளைப் பால் போன்ற நீராக அந்தத் தண்ணீருக்குள் விடுகிறது. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமாகத் தண்ணீரில் துள்ளும் நுண்ணிய பூச்சிகள் அந்தக் குஞ்சுகளை விழுங்குகின்றன. அதே கிணற்றில், அதே படியில் இறங்கி, கால் நனைய நின்று குடத்தில் மொண்டு போகிற பெண்கள் அந்தப் பூச்சிகளையும் சேர்த்தே வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். குடித்தவர் உடம்புக்குள் புழு வளர்கிறது. வளர்வது ஒரு நாள் இரண்டு நாள் அன்று, ஏறத்தாழ ஓராண்டு. இரண்டு மூன்று அடி நீளம் வளர்ந்த பிறகு, காலைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது.

வெளியே தலைகாட்டிய புழுவை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. அறுந்துவிட்டால் உள்ளே இருக்கும் பகுதி அழுகிக் கால் வீங்கிவிடும். விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றை ஒடித்து, புழுவின் நுனியை அதில் பிடித்து, மெல்ல மெல்லச் சுற்ற வேண்டும். ஒரு நாளைக்கு ஓரிரு விரற்கடை வெளியே வந்தால் அதுவே பெரிது. அத்தோடு நிறுத்தி, ஈர்க்கைக் காலோடு சேர்த்துத் துணியால் கட்டிவிட வேண்டும். மறுநாள் மறுபடியும் அவிழ்த்துச் சுற்ற வேண்டும். ஆயாவின் தகப்பனார் வேலைக்குப் போகும் முன்னால் தினமும் விடிகாலையில் திண்ணையில் உட்கார்ந்து மகளின் காலை மடியில் வைத்துச் சுற்றுவாராம். இருபத்தொரு நாள் சுற்றினார் என்று ஆயா விரல்விட்டு எண்ணிக் காட்டுவார். சுற்றும்போது அவர் மூச்சுக்கூடப் பலமாக விடமாட்டாராம். நடுவில் ஒருநாள் ஆயா வலியில் காலை உதறிவிட, தகப்பனாரின் கண்ணில் அன்றுதான் நீரைப் பார்த்தேன் என்பார்.

இப்போது கொல்லிமலைக்குத் திரும்புவோம். பிராண்ட் தம்பதியரிடம் இப்படிப்பட்ட கால்கள் வரிசையாக வந்தன. ஜெஸ்ஸி பொறுமையாகச் சுற்றி எடுத்ததை, அவர் மகன் சிறுவனாக அருகில் நின்று பார்த்திருக்கிறார். ஆனால் சுற்றி எடுத்ததோடு அவர்கள் நிற்கவில்லை என்பதே நான் சொல்ல வந்தது. தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடியுங்கள் என்று வீடு வீடாகச் சொன்னார்கள். கால் நனைய இறங்குகிற கிணறுகளுக்குப் பதிலாக, சுற்றுச்சுவர் எழுப்பி வாளியால் இறைக்கிற கிணறுகளை அமைக்கத் தூண்டினார்கள். கவனியுங்கள், இந்த நோய்க்கு இன்றுவரை தடுப்பூசி கிடையாது. புழுவைக் கொல்லும் மாத்திரையும் கிடையாது. நான்காக மடித்த வேட்டித் துணியும், கிணற்றைச் சுற்றி இடுப்பளவுச் சுவரும்தாம் மருந்து. நம் நாட்டில் இதற்கான தேசியத் திட்டம் 1980-களின் தொடக்கத்தில்தான் வந்தது. கடைசி நோயாளி 1996-இல் ராஜஸ்தானில் காணப்பட்டார். 2000-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம், இந்தியா இந்நோயிலிருந்து விடுபட்டது என்று சான்று அளித்தது. அந்தத் தேசியத் திட்டமும் துணியையும் சுவரையும்தான் நம்பியது. அரை நூற்றாண்டுக்கும் முன்னால், சாலைகூட இல்லாத ஒரு மலையில், பட்டமில்லாத இருவர் அதையே செய்துகொண்டிருந்தார்கள். பணியில் இருந்த காலத்தில் தண்ணீரைப் பற்றிப் பேசிப் பேசி வீடுகளில் சலிப்பை வாங்கிக்கொண்டவள் என்பதால், இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர்கள் மலைக்குப் போனது மருத்துவம் செய்வதற்காக மட்டும் அன்று. இயேசு கிறிஸ்துவைப் பற்றிச் சொல்லவே போனார்கள். பாட்டியைப் பற்றிப் பேசுகிறவர்கள் சிலர் இதைச் சொல்லக் கூச்சப்பட்டுச் சமூக சேவகி என்ற சொல்லோடு நிறுத்திவிடுகிறார்கள். அது அவருக்குச் செய்யும் நியாயம் அன்று. விடியற்காலையில் வேதம் வாசித்து ஜெபித்த பிறகுதான் அவருடைய நாள் தொடங்கியது. அவர் கால்களை நடக்க வைத்தது அந்த விசுவாசம்தான். ஆனால் மலைமக்கள் மருந்தை வாங்கிக்கொண்டார்களேயொழிய, பல ஆண்டுகள் வரை அவர்கள் சொன்ன மார்க்கத்தின் பக்கம் ஒருவரும் வரவில்லை. ஊர்ப் பூசாரி கடுமையாக எதிர்த்தார். மருந்தும் நிற்கவில்லை.

அந்தப் பூசாரியும் ஒரு கொள்ளைக் காய்ச்சலில் விழுந்தார். சாகக் கிடப்பவரின் அருகில் ஊரார் ஒருவரும் போகவில்லை. ஜெஸ்ஸியும் எவலினும் போனார்கள். நீர் கொடுத்தார்கள், பணிவிடை செய்தார்கள். தாம் எதிர்த்து வந்த இந்த இருவர் மட்டுமே வந்தார்கள் என்பதைக் கண்ட அந்த மனிதர், இறக்கும் முன்னால் தம் பெண் குழந்தையை அவர்களிடம் ஒப்படைத்தார். ரூத் என்று பெயரிட்டு வளர்த்தார்கள். வேதாகமத்தில் ரூத் என்பவள், கணவனை இழந்த பிறகும் பிறந்த நாட்டுக்குத் திரும்பாமல், மாமியாரோடு அவர் ஊருக்குப் போய் அங்கேயே வாழ்ந்தவள் என்பது கிறிஸ்தவ நேயர்களுக்குத் தெரியும். அவளும் வாழ வந்தவள்தான். அந்தப் பெயரை வைத்த பெண்மணிக்கே சில ஆண்டுகளில் அதே நிலைமை வரும் என்று அன்று யார் நினைத்திருப்பார்கள்?

அடுத்ததாக நான் சொல்லப்போவது, பாட்டியின் வாழ்க்கையில் என்னால் எளிதில் கடந்துபோக முடியாத இடம். அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவர் பால், 1914-இல் பிறந்தவர்; இளையவள் கானி. மரமேறியும் காட்டில் சுற்றியும் மலைப் பிள்ளைகளாகவே இருவரும் வளர்ந்தார்கள். 1923-இல் குடும்பத்தோடு இங்கிலாந்துக்குப் போனபோது, படிப்புக்காகப் பிள்ளைகள் இருவரையும் உறவினர் வீட்டில் விட்டுவிட்டுப் பெற்றோர் மட்டும் மலைக்குத் திரும்பினார்கள். பாலுக்கு அப்போது ஒன்பது வயது.

இதைச் சரி என்றோ தவறு என்றோ தீர்ப்புச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் முதல் மகளுக்கு இரண்டு வயதாக இருந்தபோது, துணை சுகாதார நிலையத்தில் தங்கிப் பணியாற்ற வேண்டும் என்ற உத்தரவு வந்தது. குழந்தையைச் சேலம் அம்மாப்பேட்டையில் என் தாயாரிடம் விட்டுவிட்டு, அடிவாரத்தில் பேருந்து ஏறினேன். எனக்கும் அவளுக்கும் நடுவே இருந்தது இருபது வளைவுகள். வாரம் ஒருமுறை இறங்கி வந்து பார்த்துவிடலாம். அப்படியிருந்தும், மலையில் பிறர் வீட்டுக் குழந்தையின் எடையைப் பார்க்கத் தொட்டிலில் இட்டுத் தூக்கும்போது, கை தானாக நடுங்கிய நாள்கள் உண்டு. பாட்டிக்கும் அவர் பிள்ளைகளுக்கும் நடுவே இருந்தது கடல். ஒரு கடிதம் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும். அன்பு குறைந்ததால் விட்டுப் போனார்கள் என்று யாரேனும் சொன்னால், நான் ஒப்பமாட்டேன். அதே நேரத்தில், ஊழியத்துக்காகத்தானே என்று அந்த வலியை எளிதாக்கிப் பேசுவதையும் நான் ஒப்பமாட்டேன். அந்த வலியைத் தாயும் பட்டார், பிள்ளைகளும் பட்டார்கள்.

1929-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஜெஸ்ஸிக்குக் காய்ச்சல் கண்டது. சிறுநீர் கருத்துப்போகும் கொடிய வகை மலேரியா. மலையிலேயே இறந்தார்; வயது 44. செய்தி இங்கிலாந்திலிருந்த மகனுக்குத் தந்தி மூலம் போயிற்று. ஆனால் தகப்பனார் அதற்கு முன்பே எழுதிக் கப்பலில் அனுப்பியிருந்த கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. மலையில் பார்த்த மரங்களைப் பற்றியும் பூச்சிகளைப் பற்றியும் மகனுக்குச் சொல்லும் கடிதங்கள். அப்பா இறந்துவிட்டார் என்று தெரிந்த பிறகு, அப்பாவின் கையெழுத்தில் உறை வந்து சேர்கிறது. பதினைந்து வயதுப் பையன் அதை எப்படிப் பிரித்திருப்பான் என்று நினைத்துப் பாருங்கள். பிறகு தாய் இங்கிலாந்து போனார். கப்பலிலிருந்து இறங்கியவரைப் பார்த்து, இவரா என் அம்மா என்று மகன் திகைத்துப்போனார். அவர் மனத்தில் வைத்திருந்த அழகான தாய், துயரத்தில் உருமாறி, முதுமை தட்டிய ஒரு பெண்ணாக வந்து நின்றார். இதைப் பிற்காலத்தில் மகனே எழுதியிருக்கிறார்.

உறவினர்கள் எல்லோரும், இனி இங்கேயே இருந்துவிடு என்றார்கள். அவர் மறுபடியும் கப்பலேறினார். பிறந்த ஊர், பெற்ற பிள்ளைகள், உறவு எல்லாம் ஒரு கரையில்; புருஷனின் கல்லறையும் பாதியில் நின்ற வேலையும் மறு கரையில். முதல் முறை வந்தபோது அவருக்கு மலையைப் பற்றி ஒன்றும் தெரியாது. இந்த முறை காய்ச்சலும் தனிமையும் எல்லாம் தெரிந்தே வந்தார். அதனால் இந்த இரண்டாவது பயணத்தையே அவர் இந்த மண்ணுக்குக் குடிபெயர்ந்த பயணமாக நான் கருதுகிறேன்.

ஆனால் மிஷன் அவரை மலைக்கு அனுப்பவில்லை. சமவெளியில் வேலை கொடுத்தது. ஆண்டுகள் ஓடின. மகன் மருத்துவரானார், 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் அறுவை முறையை வளர்த்து உலகப் புகழ் பெற்ற பால் பிராண்ட் அவர்தான். அவரைப் பற்றித் தனியாக ஒரு மணி நேரம் பேசலாம், இன்று வேண்டாம்.

1947-இல் பாட்டிக்கு வயது 68. உமக்கு வயதாகிவிட்டது, இன்னும் ஐந்தாண்டுப் பணிக்கு அனுப்ப முடியாது என்று மிஷன் சொல்லிவிட்டது. ஒரே ஓர் ஆண்டு மட்டும் அனுப்புங்கள், அதன் பிறகு உங்களுக்கு என்னால் தொந்தரவு இராது என்று கெஞ்சினார். சரி என்று விட்டார்கள். அந்த ஓராண்டு முடிந்ததும் முறைப்படி ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றதும், மூட்டையைக் கட்டிக்கொண்டு மலையேறிவிட்டார்! இனி அவரை இங்கே போ, அங்கே போகாதே என்று சொல்ல யாருமில்லை. கொல்லிமலை மட்டுமன்றிப் பச்சைமலை, கல்வராயன் மலை என்று நம் வட்டார மலைகளுக்குப் போக வேண்டும் என்பது ஜெஸ்ஸியும் அவரும் சேர்ந்து கண்ட கனவு. அதை எழுபது வயதை நெருங்கும்போது தனியாகத் தொடங்கினார்.

நான் 58 வயதில் ஓய்வு பெற்றேன். கடைசி நாளன்று குளிர்பதனப் பெட்டியின் சாவியையும், தாய் சேய் பதிவேட்டையும், எடை பார்க்கும் தராசையும் எண்ணி ஒப்படைத்துவிட்டு, பேருந்துக்காகச் சாலையோரம் நின்றேன். இருபத்தைந்து ஆண்டு நடந்த பாதையில் எனக்கு இனி வேலை இல்லை என்ற எண்ணம் அடிவயிற்றில் ஏதோ செய்தது. அன்று இரவு வீட்டில் தூக்கம் வராமல் படுத்திருந்தபோதுதான் பாட்டியின் வயதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1947-இலிருந்து 1974 வரை 27 ஆண்டுகள். பணிக்குத் தகுதியில்லை என்று சொல்லப்பட்ட பிறகு அவர் உழைத்த காலம், என் மொத்தப் பணிக்காலத்தைவிட அதிகம். மறு மாதமே ஏற்காட்டுப் பேருந்தில் ஏறினேன். இன்றும் மாதம் ஒருமுறை ஏறுகிறேன். கருவுற்ற பெண்களோடு உட்கார்ந்து பேசிவிட்டு வர எனக்கு ஒருவருடைய உத்தரவும் வேண்டியதில்லை.

75 வயதில் ஒரு நாள் பாட்டி தம் வீட்டில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. இரவு முழுவதும் வலியோடு தரையில் கிடந்தார். காலையில் வேலையாள்கள் பார்த்து, கட்டிலில் கிடத்தி மலையிலிருந்து தூக்கி இறக்கி, ஜீப்பில் ஏற்றி, கரடுமுரடான சாலையில் 150 மைல் தூரம் வேலூர் கொண்டு சேர்த்தார்கள். போதும் அம்மா, இறங்கி வந்துவிடு என்று மகன் மன்றாடினார். அடுத்த முறை உதவிக்கு ஆள் வராவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டார். நான் இறங்கிவிட்டால் அங்கே எலும்பு முறிந்தவர்களுக்கும் புண் வந்தவர்களுக்கும் யார் இருக்கிறார்கள், ஆண்டவருக்குப் பயன்படாத இந்தக் கிழட்டு உடம்பைப் பத்திரமாக வைத்து என்ன செய்யப்போகிறேன் என்ற பொருளில் பாட்டி பதில் சொன்னார். அதற்குமேல் மகனால் பேச முடியவில்லை. இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டு மறுபடியும் ஏறிப்போனவர், மலையில் இன்னும் இருபது ஆண்டுகள் உழைத்தார். அதில் பெரும்பகுதிக் காலம் மட்டக்குதிரையில்தான் ஊர் ஊராகப் போனார். 93 வயதில், அடிக்கடி விழுந்துவிடுகிறோம் என்பதால் குதிரையை விட்டார். பிறகு, மலைமக்கள் அவரைத் தூளியில் கிடத்தித் தோளில் சுமந்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள்.

அவருடைய கடைசி இருபது ஆண்டுகளில் அந்த வீட்டில் கண்ணாடி கிடையாது, வைத்துக்கொள்ள மறுத்துவிட்டார். ஓவியம் பயின்ற கண்கள் அவை; நிறத்தையும் உருவத்தையும் நுணுகிப் பார்க்கத் தெரிந்தவர். அவர் முகத்தில் கோடுகள் பள்ளம் பள்ளமாக விழுந்திருந்தன என்றும், தம் நினைவில் மிக அழகான முகம் அதுவே என்றும் மகன் எழுதுகிறார். தலைவாரப் பொட்டுக் கண்ணாடிகூட இல்லாத வீட்டில், அவர் முகத்தை அவருக்குக் காட்டியவர்கள் எதிரே உட்கார்ந்திருந்த நோயாளிகள்தாம் என்று எனக்குத் தோன்றும். மலைவீடுகளில் கிழவிகள் நம் முகவாயைப் பிடித்து, என்னம்மா இளைத்துப்போனாய் என்று கேட்பார்களே, அதை அனுபவித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

வானொலி நிலையத்து நண்பர் கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து, இரண்டு நிமிடம்தான் என்று இரண்டு விரல்களைக் காட்டுகிறார். பாட்டி தீட்டிய மலைக் காட்சிகளைப் பற்றியும், கல்வராயன் மலைப் பயணங்களைப் பற்றியும் சொல்ல எடுத்து வைத்திருந்தேன். நரம்புச் சிலந்தி அந்த நேரத்தை எடுத்துக்கொண்டுவிட்டது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

1974-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் நாள் பாட்டி கண் மூடினார். தம்மை எப்படி அடக்கம் செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். சவப்பெட்டி வேண்டாம், உடம்பு இந்த மண்ணோடு மண்ணாகக் கலந்து புதிய உயிர்களுக்கு உரமாக வேண்டும் என்பது அவர் விருப்பம். அப்படியே ஒரு சாதாரணப் பருத்தித் துணியில் சுற்றி, ஜெஸ்ஸியின் கல்லறைக்குப் பக்கத்தில் மலைமக்கள் அவரை வைத்தார்கள். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னால் கணவரை வைத்த அதே வாழவந்தி மண்.

கேட்டுக்கொண்டிருந்த அனைவருக்கும் நன்றி. வணக்கம்.